மரத்தில் தெரியும் முகம்

"அண்ணே, இதப் பாருங்க. மரத்துல பிள்ளையார் தெரியுறாரு. தும்பிக்கைகூட இருக்கு!" என்று கைத்தொலைபேசியை நீட்டினார் செம்பனைத் தோட்டத்துத் தோழர் ஒருவர். பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்லது நடக்கும் என்று படத்தின் கீழே எழுதியிருந்தது. அவரும் அனுப்பிவிட்டார். "நீங்க என்ன சொல்றீங்க?" என்று கேட்டார். எல்லாருக்குமாகவே பதிலை இங்கு எழுதுகிறேன்.

இது புதிய சங்கதியல்ல. 2007 செப்டம்பரில் சிங்கப்பூர் ஜூரோங் வெஸ்ட் 42ஆம் தெருவில் ஒரு மரத்தின் பட்டை குரங்கு உருவம் போலத் தெரிந்தது. சீனர்கள் அதைத் தங்கள் குரங்குத் தெய்வம் என்றார்கள். நம்மவர்கள் அனுமார் என்றார்கள். ஊதுபத்தியும் வாழைப்பழமுமாகக் கூட்டம் கூடியது. 2012 நவம்பரில் சுபாங் ஜெயாவில் மருத்துவமனைச் சன்னல் கண்ணாடியில் மாதா தெரிகிறார் என்று மக்கள் திரண்டு நின்று ஜெபித்தார்கள். எந்த மதத்துக்காரரும் இதற்கு விலக்கல்ல.

ஜூரோங் மரத்தில் இருந்தது காயம் ஆறிய தழும்பு. இதை நமக்கு யாரும் வந்து பாடம் நடத்த வேண்டியதில்லை. பால் வெட்டும்போது கத்தி ஆழமாக இறங்கிவிட்டால் என்ன ஆகும்? புதுப்பட்டை சமமாக வளராது; முண்டும் முடிச்சுமாகத் தடிக்கும். விடியாத இருட்டில், நெற்றிவிளக்கு வெளிச்சத்தில், அந்த முடிச்சுகளில் எத்தனை கண்ணும் மூக்கும் பார்த்திருப்போம்!

அப்படித் தெரிவது மூட்டாள்தனமும் அல்ல. முகத்தை அடையாளம் காண்பதற்கென்றே மூளையில் ஒரு பகுதி வேலை செய்கிறது. பிறந்து சில மணி நேரமான குழந்தைகூட முகம் போன்ற வடிவத்தின் பக்கம் திரும்பும். 1976இல் வைக்கிங் விண்கலம் செவ்வாய்க் கிரகத்தை எடுத்த படத்தில் பெரிய மனித முகம் ஒன்று தெரிந்தது. 2001இல் தெளிவாக எடுத்த படத்தில் அது வெறும் குன்று. நிழல் செய்த வேலை!

"அப்ப, கும்பிட்டது தப்பா?" என்பீர்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நம் பாட்டன்மார் காட்டை அழித்துத் தோட்டம் போட்ட காலத்தில் மரத்தடியில் ஒரு கல்லை நட்டு முனீஸ்வரன் என்றார்கள். அந்தக் கல்லுக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை. அவர்கள் அங்கே கூடினார்கள். ஒருவருக்கொருவர் துணை நின்றார்கள். அந்தக் கல்லுக்குச் சக்தி அப்படித்தான் வந்தது.

ஆகவே, 'அது சாமியா, இல்லையா' என்று நான் வாதாட வரவில்லை. அதைப் பார்த்தபின் நாம் என்ன செய்கிறோம் என்பதே என் கேள்வி. மனம் தேறி, மறுநாள் தைரியமாக வேலைக்குப் போனால் நல்லது. வாரச் சம்பளத்தை நாலு நம்பரில் போட்டால்? உண்டியல் வைத்தவன் கையில் கொடுத்தால்? செய்ய வேண்டிய காரியத்தைச் செய்யாமல் காத்திருந்தால்?

அந்தத் தோழர் காத்துக்கொண்டுதான் இருந்தார். காலில் செம்பனை முள் குத்தி மூன்று வாரமாகப் புண் ஆறவில்லை. சர்க்கரை வியாதிக்காரர் வேறு. "பிள்ளையாரே காட்சி கொடுத்துட்டாரு, சரியாயிடும்ணே" என்றார்.

தோழரே, மரத்தின் காயம் தானாக மூடிக்கொள்ளும். சர்க்கரைக்காரர் கால்புண் அப்படியல்ல. விட்டுவிட்டால் காலையே எடுக்க நேரும். கையோடு அவரைக் கிளினிக்குக்கு அழைத்துப் போனோம். வேலை செய்யும்போது பட்ட காயமானால் 48 மணி நேரத்துக்குள் முதலாளி சொக்சோவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது சட்டம். அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். காயம் பட்ட அன்றே மண்டோரிடம் சொல்லுங்கள், சங்கத்திடமும் சொல்லுங்கள்.

பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டே கிளம்புங்கள். ஆனால், கிளம்புங்கள்!