"மற்றையோர்" என்றால் யார்? பலெர்மோ விமான நிலையத்தின் பெயர்ப்பலகையை முன்வைத்து

போன மாதம் நண்பன் ஒருவன் முகநூலில் ஒரு படம் போட்டிருந்தான். இத்தாலியின் சிசிலித் தீவில் இருக்கும் பலெர்மோ விமான நிலையத்தின் முகப்பு. கீழே இப்படி எழுதியிருந்தான்: "மாபியாவை எதிர்த்துச் செத்த ரெண்டு நீதவான்மாரின்ர பேரை அங்க விமான நிலையத்துக்கு வச்சிருக்கிறாங்கள். இங்க மத்தளயில ஆற்ற பேர் கிடக்கு எண்டு பாருங்கோ." வாசித்த உடனே லைக் போட்டேன். யார்தான் போடமாட்டார்கள்?

பிறகு அந்த இடத்தைப் பற்றித் தேடித்தேடி வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து முடிய அந்த லைக்கைத் திரும்ப எடுத்துவிட்டேன். ஏன் எடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஜியோவானி ஃபல்கோனே, பாவ்லோ போர்செல்லினோ என்ற அந்த இருவரின் மீது எனக்கு எந்தக் குறையும் இல்லை. 1986இல் பலெர்மோவில் தொடங்கிய பெருவழக்கில் ஏறத்தாழ 475 பேரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிய விசாரணையைக் கட்டியெழுப்பியவர்களில் முக்கியமானவர்கள் அவர்கள். 1992 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனைகளை உறுதிசெய்தது. நாலு மாதம்கூடப் பொறுக்கவில்லை. மே 23 அன்று ரோமிலிருந்து இதே விமான நிலையத்தில் வந்து இறங்கிய ஃபல்கோனே, நகரத்துக்குத் தானே காரை ஓட்டிக்கொண்டு போகையில், கபாச்சி என்ற ஊருக்குப் பக்கத்தில் நெடுஞ்சாலைக்கு அடியில் வைத்த குண்டு வெடித்தது. 57 நாள் கழித்து, ஜூலை 19 அன்று, தாயைப் பார்க்கப் போன வீட்டு வாசலில் கார்க்குண்டுக்குப் போர்செல்லினோ பலியானார். இவர்களின் பெயர் எங்கே இருந்தாலும் அந்த இடத்துக்குத்தான் மரியாதை.

என் பிரச்சினை வேறு. நிலையத்தின் வாசலுக்குப் பக்கத்தில், தொம்மாசோ ஜெராச்சி என்ற சிசிலியச் சிற்பி செய்த நினைவுப்பலகை ஒன்று இருக்கிறது. அதில் இருக்கும் வாசகத்தைத் தமிழில் சொன்னால்: "ஜியோவானி ஃபல்கோனே, பாவ்லோ போர்செல்லினோ, மற்றையோர். புதிய சிசிலியின் பெருமிதம்."

மற்றையோர். அந்த ஒரு சொல்லில்தான் நான் தடக்கி விழுந்தேன்.

சரி, யார் இந்த மற்றையோர்? லேசான பதிலிலிருந்து தொடங்குவோம். கபாச்சியில் ஃபல்கோனேயோடு செத்தவர்கள் நாலு பேர்: அவருடைய மனைவியும் நீதவானுமான ஃபிரான்செஸ்கா மொர்வில்லோ, மெய்க்காவலர்கள் மொந்தினாரோ, ஸ்கிஃபானி, திசில்லோ. போர்செல்லினோவோடு செத்தவர்கள் ஐந்து பொலிஸார். அதில் ஒருவர் எமனுவேலா லோய். வயது 24. எங்களுடைய கம்பஸில் இறுதி வருடம் படிக்கிற அக்காமாரின் வயது. மொத்தம் ஒன்பது பெயர். ஒன்பது பெயரைச் செதுக்க எவ்வளவு இடம் வேணும்?

ஆனால் கதை அங்கே முடியவில்லை, அங்கே தொடங்கவும் இல்லை. பெயர்ப்பலகைக்கு முதல் அங்கே ஒரு காணி இருந்தது.

பலெர்மோ நகரத்திலிருந்து மேற்கே ஏறக்குறைய 35 கிலோமீற்றர் தள்ளி, சீனிசி என்ற சிற்றூரின் எல்லைக்குள், மலைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கும் புன்தா ராய்சி என்ற நிலத்தில் 1960இல் இந்த விமான நிலையம் திறக்கப்பட்டது. சில வருடம் போக மூன்றாவது ஓடுபாதை வேண்டும் என்றார்கள். அதற்குச் சீனிசி விவசாயிகளின் காணிகள் எடுக்கப்பட்டன. 1960களின் கடைசியில் அவர்கள் எதிர்த்துப் போராடினார்கள். தோற்றார்கள். ஓடுபாதைக்குக் காணியைக் குடுத்த சனத்தின் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்தை வாசிக்கும் ஆட்களுக்கு நான் வகுப்பெடுக்கத் தேவையில்லை.

அந்த விவசாயிகளோடு நின்ற பெடியன் ஒருவன் பெயர் பெப்பினோ இம்பஸ்தாத்தோ. 1948இல் சீனிசியில் பிறந்தவன். தகப்பன் மாபியாக்காரரோடு ஒட்டி உறவாடிய ஆள். மாமியின் புருஷன் செசாரே மன்செல்லா ஊர் மாபியாவுக்கே தலைவன். 1963இல் கார்க்குண்டில் செத்தவன். அடுத்து அந்தக் கதிரையில் ஏறியவன் கயெத்தானோ பதலமென்தி. இப்படியொரு வீட்டில் பிறந்த பெடியன் பேசாமல் இருந்திருந்தால் நல்ல வசதியாக வாழ்ந்திருப்பான். அவன் இடதுசாரியாகி, மாபியாவுக்கு எதிராக எழுதத் தொடங்கினான். தகப்பன் வீட்டை விட்டுத் துரத்தினார்.

1977இல் பெப்பினோவும் கூட்டாளிமாரும் சேர்ந்து 'ரேடியோ அவுத்' என்று ஒரு சின்ன வானொலியைத் தொடங்கினார்கள். பெரிய முதல் இல்லை, பெரிய கருவி இல்லை. அவர்களிடம் இருந்தது பகிடி. சீனிசியை 'மாபியோப்பொலி' என்று கூப்பிட்டார்கள். ஊரே பயந்து நடுங்கிய பதலமென்திக்கு, சிற்றிங் புல் என்ற செவ்விந்தியத் தலைவரின் பெயரைத் திருகி, 'குந்தியிருக்கும் தானோ' என்று பட்டம் வைத்தார்கள். அவன் விமான நிலையத்தைக் கையில் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்கு ஹெரோயின் அனுப்புகிறான் என்று பெயர் சொல்லியே சொன்னார்கள். ஊர் சிரித்தது. பயத்தை வைத்துத் தொழில் செய்கிறவனுக்குச் சிரிப்பை விடப் பெரிய நட்டம் இல்லை.

1978இல் பெப்பினோ உள்ளூராட்சித் தேர்தலில் நின்றான். வாக்களிப்புக்குச் சில நாள் இருக்கையில், மே 8ஆம் திகதி இரவு, அவனைப் பிடித்து அடித்து, பலெர்மோ–திரப்பானி தண்டவாளத்தில் போட்டு வெடிமருந்தால் சிதறடித்தார்கள். வயது 30. சிதறிக் கிடந்த உடலைப் பொறுக்கிச் சேர்த்தவர்கள் அவனுடைய கூட்டாளிமார். சீனிசிச் சனம் செத்துப்போன அவனுக்கே வாக்குப் போட்டு நகரசபைக்குத் தெரிவுசெய்தது.

அரசு என்ன செய்தது தெரியுமோ? குண்டு வைக்கப் போன பயங்கரவாதி தன்னைத்தானே வெடிக்கவைத்துச் செத்தான் என்றது. தாய் ஃபெலிச்சியாவும் தம்பி ஜியோவானியும் கூட்டாளிமாரும் இல்லை, இல்லை என்று வருடக்கணக்காகக் கத்தினார்கள். விசாரணையை அரச அதிகாரிகளே திசைதிருப்பினார்கள் என்பதை இத்தாலியப் பாராளுமன்றத்தின் மாபியா எதிர்ப்பு ஆணைக்குழு 2000ஆம் ஆண்டில்தான் ஏற்றுக்கொண்டது. பதலமென்திக்கு ஆயுள் தண்டனை கிடைத்தது 2002இல். அப்போது அவன் போதைப்பொருள் வழக்கில் அமெரிக்கச் சிறையில் இருந்தான். 24 வருடம்! ஒரு தாய் தன் மகன் பயங்கரவாதி இல்லை என்று நிரூபிக்க 24 வருடம் காத்திருந்தாள். இதுவும் எங்களுக்குப் புதுக்கதை இல்லை.

இப்ப திரும்பப் பலகையைப் பாருங்கோ. விமான நிலையத்துக்காகக் காணியைப் பறிக்காதே என்று நின்றவன், விமான நிலையத்தால் என்ன போகிறது வருகிறது என்று ஊருக்குச் சொன்னவன். அவனுடைய பெயர் அதில் எங்கே? 'மற்றையோர்' என்ற சொல்லுக்குள் இருக்கிறான் என்று நீங்கள் சொல்லலாம். அப்படியென்றால் அந்தச் சொல் நினைவுச்சின்னம் இல்லை, புதைகுழி.

இன்னும் ஆட்கள் இருக்கிறார்கள். 1972 மே 5 இரவு, ரோமிலிருந்து வந்த விமானம் பக்கத்து மொந்தாஞ்ஞா லோங்கா மலையில் மோதி 115 பேர் செத்தார்கள். 1978 டிசம்பர் 23, நத்தாருக்கு இரண்டு நாள் இருக்க, இன்னொரு விமானம் ஓடுபாதையைத் தொடமுதல் கடலில் விழுந்து 108 பேர் செத்தார்கள். தப்பிய 21 பேரையும் தூக்கியெடுத்தவர்கள் மீன்பிடிப் படகுக்காரர். விமானிகளின் பிழை என்று கோப்புகள் மூடப்பட்டன. ஒரு பக்கம் மலை, மறுபக்கம் கடல் என்று இருக்கும் இடத்தில் ஓடுபாதையை வைக்கத் தீர்மானித்தது யாருடைய பிழை என்ற கேள்வி எந்தப் பலகையிலும் ஏறுவதில்லை.

நண்பன் சொன்னதற்கு வருவோம். 'பெயர் வைத்து மரியாதை செய்கிறார்கள்.' யார் செய்கிறார்கள்? 1988இல் பலெர்மோ விசாரணைப் பிரிவின் தலைமைப் பதவி காலியானபோது, நீதித்துறையின் உயர் சபை ஃபல்கோனேயை ஒதுக்கிவிட்டு, மாபியா வழக்கில் அவருக்கு இருந்த அனுபவம் இல்லாத இன்னொருவரை நியமித்தது. உயிரோடு இருந்தபோது கதிரை குடுக்காத அரசு, செத்த பிறகு விமான நிலையத்தையே குடுத்தது. போர்செல்லினோவின் கதை அதைவிட மோசம். அவருடைய கொலை விசாரணையில் பொய்ச் சாட்சியத்தை வைத்து, அந்தக் கொலையோடு சம்பந்தமில்லாதவர்களை வருடக்கணக்காக உள்ளே போட்டார்கள். 2017இல் தீர்ப்பளித்த நீதிமன்றம், இத்தாலிய நீதி வரலாற்றிலேயே மிகப் பாரதூரமான திசைதிருப்பல்களில் இது ஒன்று என்று எழுதியது. அவர் எப்போதும் கையில் வைத்திருந்த சிவப்பு நாட்குறிப்பு இன்றுவரை கிடைக்கவில்லை. ஆளின் பெயரை முகப்பில் மாட்டலாம், ஆளைக் கொன்றது யார் யார் என்ற முழுக் கணக்கை மட்டும் காட்டமுடியாது. இதுக்குப் பேர் மரியாதையோ?

பெயர் ஒரு இடத்தைத் திருத்திவிடும் என்று நம்புகிறவர்களுக்கு இன்னொரு கதை. 2015 மார்ச்சில் பலெர்மோ வர்த்தக சபையின் தலைவரும், இந்த விமான நிலையத்தை நடத்தும் நிறுவனத்தின் துணைத் தலைவருமாக இருந்தவர், நிலையத்தில் கடை வைத்திருந்த இனிப்புக்கடைக்காரரிடம் குத்தகையை நீடிக்க ஒரு இலட்சம் யூரோ இலஞ்சம் வாங்கிக் கையும் களவுமாகப் பிடிபட்டார். அதே வருடம் தண்டனையும் கிடைத்தது. கப்பத்துக்கு எதிராக மேடைமேடையாகப் பேசிய மனிசன் அவர். ஃபல்கோனே–போர்செல்லினோ என்ற எழுத்துக்குக் கீழேதான் இதெல்லாம் நடந்தது. அந்த எழுத்து அவருடைய கையைப் பிடிக்கவில்லை. பிடித்துக் குடுத்தது, பயப்படாமல் பொலிஸிடம் போன கடைக்காரர்.

"எண்டாலும் பேர் இல்லாததை விடப் பேர் இருக்கிறது நல்லம்தானே" என்று கேட்பீர்கள். கேட்கவேண்டிய கேள்விதான். காட்ஃபாதர் படம் போட்ட ரீசேர்ட்டும் காந்தமும் விற்கிற தீவில், ஆண்டுக்கு 80 இலட்சத்துக்கு மேல் பயணிகள் வந்துபோகிற வாசலில், கொன்றவர்களின் பெயர் இல்லாமல் கொல்லப்பட்டவர்களின் பெயர் இருக்கிறது. அது சின்ன விஷயம் இல்லை. 1992இல் பலெர்மோச் சனம் வெள்ளைப் படுக்கைவிரிப்புகளில் வாசகம் எழுதி மாடிகளில் தொங்கவிட்டுத் தெருவுக்கு வந்ததால் கிடைத்த மரியாதை அது. நான் அதை ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் பெயரைச் சனம் வாங்கிக் குடுக்கிறது, அரசு அதைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டுகிறது. பிறகு தனக்குத் தேவையானபடி திறக்கிறது. சிசிலியிலேயே கொமிசோ என்ற ஊரின் விமான நிலையத்துக்கு, 1982இல் மாபியா கொன்ற கம்யூனிஸ்ட் பாராளுமன்ற உறுப்பினர் பியோ லா தோர்ரேயின் பெயரை வைத்திருந்தார்கள். 2008இல் ஆட்சி மாறினதும் அதை எடுத்துவிட்டு, எத்தியோப்பியாவில் முசோலினியின் படையெடுப்பில் செத்த ஒரு விமானப்படை ஜெனரலின் பெயரைத் திரும்ப வைத்தார்கள். அடுத்து வந்தவர்கள்தான் லா தோர்ரேயைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். 2024இல் மிலானின் மல்பென்சா விமான நிலையத்துக்குச் சில்வியோ பெர்லுஸ்கோனியின் பெயர் வந்தது. அவரோடு சேர்ந்து கட்சி தொடங்கிய மார்செல்லோ தெல்லுத்ரி, மாபியாவுக்கு வெளியிலிருந்து துணைபோனதற்காக 2014இல் 7 வருடத் தண்டனை உறுதிசெய்யப்பட்டவர். ஒரே நாடு, ஒரே வானம். ஒரு முனையில் ஃபல்கோனே என்ற பெயரில் ஏறி, மறுமுனையில் பெர்லுஸ்கோனி என்ற பெயரில் இறங்கலாம். பெயர் மட்டும்தான் மரியாதை என்றால் இந்த இரண்டுக்கும் என்ன வித்தியாசம்?

வித்தியாசத்தைத் தருவது பெயருக்குப் பின்னால் சொல்லப்படும் கதை. யாருடைய காணி, யார் எதிர்த்தார்கள், யார் கொன்றார்கள், யார் மறைத்தார்கள் என்ற கதை. அதைச் சொல்லாத பெயர்ப்பலகை வெறும் வர்ணப்பூச்சு.

பலெர்மோவில் எங்கட சனமும் ஆயிரக்கணக்கில் இருக்கிறது. வீட்டுவேலை செய்தும் வயதானவர்களைப் பராமரித்தும் பிழைக்கிற சனம். மொந்தே பெல்லெக்ரீனோ மலையில் இருக்கும் புனித ரொசாலியாவின் குகைக்குச் சைவச் சனமும் நேர்த்தி வைத்து ஏறுகிறது. ஊருக்கு வரவும் போகவும் அவர்கள் பெட்டியோடு நிற்பது அந்த வாசலில்தான். அவர்களின் பிள்ளைகள் அங்கே பள்ளிக்கூடம் போகிறார்கள். பெப்பினோவைப் பற்றி 2000ஆம் ஆண்டில் வந்த 'நூறு அடிகள்' என்ற படத்தை அவர்களில் சிலராவது பார்த்திருப்பார்கள். இம்பஸ்தாத்தோ வீட்டுக்கும் பதலமென்தி வீட்டுக்கும் இடையில் இருந்த தூரம்தான் அந்த நூறு அடி. இந்தக் கதைகளை அந்தப் பிள்ளைகள் எங்களுக்குத் தமிழில் எழுதித் தந்தால், ஆயிரம் முகப்புப் படத்தை விட அது பெறுமதி.

நண்பனிடம் இவ்வளவையும் சொன்னேன். "நீ எல்லாத்திலயும் பிழை பிடிக்கிற ஆள்" என்றான். இருக்கட்டும். நான் பெயரைக் கழற்றச் சொல்லவில்லை. 'மற்றையோர்' என்பதை விரித்து எழுதச் சொல்கிறேன். குண்டுவெடிப்புகளில் செத்த ஒன்பது பேர், பெப்பினோ, காணி பறிகொடுத்த சீனிசி விவசாயிகள், மலையிலும் கடலிலும் செத்த 223 பேர். பலகையில் இடம் காணாது என்றால் சுவரில் எழுதலாம். விமான நிலையத்தில் சுவருக்கு என்ன குறை?