ஸ்டிக்கருக்குக் காசு குடுக்காதேங்கோ

வவுனியாவில ஒரு கொம்பியூட்டர் கடை. எங்கட கூட்டாளி ஒருத்தன், தகப்பன் காலபோக நெல்லு வித்த காசில ஒரு பங்கைப் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டு நிக்கிறான். "தம்பி, கேம் விளையாட எண்டா ஐ7 தான். கண்ணை மூடிக்கொண்டு எடுங்கோ" எண்டார் கடைக்கார அண்ணை. அவனும் உண்மையாவே கண்ணை மூடிக்கொண்டு எடுத்திட்டான். வீட்டை கொண்டுவந்து லினக்ஸ் போட்டுப் பார்த்தால் அது ஐ7-4770. 2013இல் வெளிவந்த புரொசசர். அப்ப நாங்கள் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் படிக்கிற வயசு.

ஐ3, ஐ5, ஐ7 எண்ட வரிசை ஒரே தலைமுறைக்குள்ள ஒப்பிடத்தான் உதவும். பத்து வருசம் தள்ளிப் போனால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. 2022இல் வந்த ஐ3-12100க்கும் அந்தப் பழைய ஐ7க்கும் நாலு கோர், எட்டு திரெட் தான். ஆனால் ஒவ்வொரு கோரும் செய்யிற வேலையில அந்த 'சின்ன' ஐ3 எங்கேயோ முன்னுக்கு நிக்குது. இது கடைக்காரருக்குத் தெரியாமல் இல்லை. "கலைப்பீடப் பிள்ளையளுக்கு உதெல்லாம் விளங்காது" எண்ட நினைப்பில ஒரு வியாபாரமே ஓடுது. அதுதான் எங்களுக்குக் கோவம்.

லினக்ஸ் எண்டு வந்தால் அடி இன்னும் பலம். விண்டோஸ் கேம்களை லினக்ஸில ஓட்ட வால்வ் நிறுவனம் 2018இல் புரோட்டனைக் கொண்டுவந்தது. அது டைரக்ட்எக்ஸில எழுதின கேமை வல்கன் எண்ட கிராபிக்ஸ் மொழிக்கு மாத்திக் குடுக்குது. அந்த வேலையைச் செய்யிற டிஎக்ஸ்விகே, 2022 நவம்பரில வந்த 2.0 பதிப்பில இருந்து, வல்கன் 1.3 கேக்கும். 4770க்குள்ள இருக்கிற கிராபிக்ஸ் அந்த அளவுக்கு வராது. தனி கிராபிக்ஸ் கார்ட் போடாட்டி, கன கேம் திறக்கவே மாட்டுது. அசைன்மென்ட் அடிக்க அந்த மெசின் இண்டைக்கும் நல்லாத்தான் ஓடும். வீட்டில இருந்தால் எறியாதேங்கோ. புதுசாக் காசு குடுத்து மட்டும் வாங்காதேங்கோ.

ஏன் லினக்ஸ் எண்டு கேப்பியள். விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14ஓட முடிச்சிட்டுது. விண்டோஸ் 11 இந்தப் பழசுகளை முறைப்படி ஏற்காது. மிச்சம் இருக்கிறது களவு விண்டோஸ். அதுக்குள்ள ஆர் என்னத்தைச் செருகி வைச்சிருக்கினம் எண்டு ஆருக்குத் தெரியும்? ஆனால் ஒண்டை மறைக்கக்கூடாது. வலோரன்ட் தான் உங்கட உயிர் எண்டால் இந்தப் பக்கம் வராதேங்கோ. அதின்ர வான்கார்ட் லினக்ஸில ஓடாது, எந்தப் புரொசசர் வாங்கினாலும். கவுண்டர்-ஸ்ட்ரைக் 2, டோட்டா 2 நேரடியாவே ஓடும்.

அப்ப எதை வாங்கிறது? ஸ்டீம் டெக்கைப் பாருங்கோ. லினக்ஸில ஓடுற அந்தக் கைக்கருவிக்குள்ள ஏஎம்டியின்ர நாலு கோர், எட்டு திரெட் மட்டும்தான். கூடினது 15 வாட்ஸ் எடுக்கும். அதில எத்தனை பெரிய கேம் ஓடுது! தனிக் கார்டுக்குக் காசில்லாத எங்களுக்கு ரைசன் 5 5600ஜி காணும். ஆறு கோர், 65 வாட்ஸ், உள்ளுக்கே கிராபிக்ஸ், அதுக்கான டிரைவர் லினக்ஸோடயே வரும். ரேமை 16 ஜிபி ஒரே துண்டா வாங்காமல், எட்டு எட்டா ரெண்டாப் போடுங்கோ. இல்லாட்டி அந்த கிராபிக்ஸ் மூச்சு வாங்கும். கடைசி 'ஜி' இல்லாத 5600க்குள்ளயும், 'எஃப்' போட்ட இன்டெலுக்குள்ளயும் கிராபிக்ஸ் இல்லை. ஒரு எழுத்துத்தான், கவனம்.

"ஸ்ட்ரீம் பண்ணவும் வேணும், அதுக்கெண்டாலும் பெரிசு எடு" எண்டு லண்டனில இருந்து மாமா சொல்லுவார். மாமா, ஸ்ட்ரீமைக் கட்டிப்போடுறது புரொசசர் இல்லை, எங்கட அப்லோட். 720பியில செக்கனுக்கு 3 மெகாபிட் அனுப்பினால், ஒரு மணித்தியாலத்துக்கு 1.3 ஜிபிக்கு மேல டேட்டா போகும். முல்லைத்தீவுப் பக்கம் ஒரு போன் ஹொட்ஸ்பொட்டில அதை விடாமல் அனுப்பிப் பாருங்கோ, பிறகு ஐ9 கதைப்பம். படத்தைச் சுருக்கிற வேலைக்கு எண்டே புரொசசருக்குள்ள தனிப்பகுதி இருக்கு, ஓபிஎஸ்ஸில அதைத் தெரிஞ்சால் சரி. அந்த விசயத்தில இன்டெலின்ர குயிக் சிங்க் ஏஎம்டியை விடத் தெளிவு, ஒத்துக்கொள்ளுறம். கிழமையில நாலு நாள் ஸ்ட்ரீம் பண்ணுறவை 'எஃப்' இல்லாத ஐ3-12100ஐ யோசிக்கலாம், கேம் கொஞ்சம் மெதுவா ஓடும். மாசத்தில ஒருக்காப் பண்ணுற எங்களுக்கு 5600ஜி போதும்.

மிச்சக் காசில யுபிஎஸ் ஒண்டு எடுங்கோ. 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்த ஆக்கள் நாங்கள். 2025 பெப்ரவரி 9, பாணந்துறையில ஒரு குரங்கு மின்நிலையத்துக்குள்ள போக, முழு நாடும் இருண்டது. தகரக் கூரைக்குக் கீழ, செம்மண் புழுதிக்குள்ள, சித்திரை வெயிலில 65 வாட்ஸ் சூடே காணும்.

கடைக்குப் போனால் ஒரு கேள்விதான்: புரொசசரின்ர முழு இலக்கத்தை பில்லில எழுதித் தருவியளோ? "அதெல்லாம் ஏன் தம்பி" எண்டால் வெளிக்கிடுங்கோ. பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கிற வழியிலயே வேற கடை இருக்கு.