தீ கொன்றதா, தொலைவு கொன்றதா?

2017 நவம்பர் 1 அன்று உத்தரப் பிரதேசத்தின் ரேபரேலி மாவட்டம் உஞ்சாகாரில், பொதுத்துறை நிறுவனமான என்டிபிசியின் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. 40க்கும் மேற்பட்டோர் மாண்டனர்; பெரும்பாலோர் ஒப்பந்தத் தொழிலாளர்கள். கடுமையாக வெந்தவர்கள் நூறு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள லக்னோவுக்குக் கொண்டு செல்லப்பட்டனர். சிலர் விமானத்தில் தில்லிக்கு. கொதிகலன் ஏன் வெடித்தது என்று கேட்கிறோம். உயிர்காக்கும் சிகிச்சை ஏன் அத்தனை தொலைவில் இருந்தது என்றும் கேட்டாக வேண்டும்.

அத்தொலைவின் பொருளை மருத்துவம் தெளிவாகவே உரைக்கிறது. அனலையும் புகையையும் உள்ளிழுத்தவர் முதலில் பேசுவார், தண்ணீர் கேட்பார். ஆனால் குரல் கரகரத்திருக்கும். மூக்கு மயிர் கருகியிருக்கும். சளியில் கரி தெரியும். சில மணி நேரத்தில் தொண்டை வீங்கி மூச்சுவழி அடைபடும். அதன்பின் குழாய் செலுத்த வழி கிடைப்பதரிது. கழுத்தைத் திறக்க நேரிடும். ஆகவே வீக்கம் முற்றுமுன்பே குழாயைச் செலுத்திவிட வேண்டும். கார்பன் மோனாக்சைடோ வஞ்சகமான நஞ்சு. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் நல்ல எண்ணையே காட்டும். உடல் ஆக்சிஜனின்றித் தவிக்கும். எண்ணை நம்பாது, உடனே தூய ஆக்சிஜன் தருவதே முறை.

தீக்காயச் சிறப்புப் பிரிவை எல்லா மாவட்டங்களிலும் நிறுவ முடியுமா என்பர் சிலர். தோல் ஒட்டும் அறுவையும் நெடுநாள் சிகிச்சையும் பெருநகரில் நடக்கட்டும். மூச்சுவழி அதுவரை காத்திராது. அதைக் காக்க வேண்டியது அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் மயக்கவியல் மருத்துவரே. அந்தப் பணியிடம் காலியாகக் கிடந்தால் ஆம்புலன்ஸ் பயணமே மரணப் பயணமாகும்.

கருவி வாங்கினால் கடமை முடிந்தது என்பது ஆட்சியாளர் கணக்கு. 2020இல் பிஎம் கேர்ஸ் நிதியில் 2,000 கோடி ரூபாய்க்கு 50,000 வென்டிலேட்டர்கள் என்று முழங்கினர். வென்டிலேட்டர் தானே உயிர் காக்காது. அளவு மீறிக் காற்றைத் தள்ளினால் புண்பட்ட நுரையீரல் மேலும் சிதையும். மார்பைச் சுற்றி வெந்த தோல் இறுகினால், அதைக் கீறித் தளர்த்தும் வரை மார்பு விரியாது. குழாயில் சேரும் கரிச்சளியை இரவும் பகலும் உறிஞ்சி எடுக்கச் செவிலியர் வேண்டும். ஒப்பந்த முறையில், குறைந்த ஊதியத்தில், ஆள்பற்றாக்குறையோடு இது நடவாது. பொதுச் சுகாதாரச் செலவை 2025க்குள் உள்நாட்டு உற்பத்தியில் 2.5 சதவீதமாக்குவோம் என்றது 2017ஆம் ஆண்டின் தேசிய சுகாதாரக் கொள்கை. கெடு கடந்தது, வாக்கு காற்றில் போயிற்று.

500 பேருக்கு மேல் பணிபுரியும் ஆலையில் ஆம்புலன்ஸ் அறை வேண்டும் என்றது 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம். இன்று அது போதாது. கொதிகலனும் வேதிப்பொருளும் உள்ள தொழில்வட்டாரம் ஒவ்வொன்றிலும், மூச்சுவழி காக்கப் பயின்ற மருத்துவக் குழு 24 மணி நேரமும் நிரந்தரப் பணியில் இருக்க வேண்டும். அதன் செலவை ஆலை முதலாளிகளிடமிருந்து அரசு வசூலிக்க வேண்டும். மாவட்ட மருத்துவமனைகளின் காலியிடங்கள் நிரப்பப்பட வேண்டும். இழப்பீட்டுக் காசோலை செத்தவருக்கு மூச்சைத் தராது. தொழிற்சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் ஊதியத்தோடு இதுவும் இடம்பெறட்டும்!