நீலம் எரிந்தால் நல்லதா?

எங்க சிங்கவரம், செஞ்சி பக்கம் ரயில் கிடையாது. திண்டிவனம் போனால்தான் சிக்னலைப் பார்க்கலாம். மஞ்சள் எரிந்தால் அடுத்த சிக்னலில் நிற்கத் தயாராகணும். கன்னியாகுமரியிலும் அதே அர்த்தம், டெல்லியிலும் அதே அர்த்தம். சர்வர் விளக்குகள் அப்படி இல்லை மக்களே!

டெல் பவர்எட்ஜ் சர்வர்கள் பலவற்றில் முன்பக்க நீல விளக்கு நிலையாக எரிந்தால் எல்லாம் நலம். ஹெச்பியில் நீலம் என்றால் "நீ தேடும் மெஷின் இதுதான்" என்று அடையாளம் காட்டுவது. பழைய சன் ஃபயர் சர்வர்களில் ஹார்ட் டிஸ்க் மேல் நீலம் எரிந்தால் "என்னைக் கழற்றலாம்" என்று பொருள். விளக்கு நிறங்களுக்கு ஐஇசி 60073 என்று சர்வதேசத் தரமே இருக்கிறது. அதில் நீலம் வேறு ஒன்று: கட்டாயம் ஏதாவது செய்தாக வேண்டும்!

என்னைக் கேட்டால் சிவப்பை விட ஆம்பர்தான் ஆபத்து. ரெய்டு 5-ல் ஒரு டிஸ்க் போனால் ஆம்பர் எரியும், ஆனால் சர்வர் பாட்டுக்கு ஓடும். யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அதை மாற்றுவதற்குள் இரண்டாவதும் போனால் மொத்த டேட்டாவும் அம்பேல். அவசரத்தில் பக்கத்திலிருக்கும் நல்ல டிஸ்கை உருவினாலும் கதை கந்தல்தான்.

சின்ன ஆபீஸில் ராத்திரி அந்த விளக்கு வாட்ச்மேன் அண்ணன் கண்ணில்தான் முதலில் படும். அதனால் ரேக் கதவில் தமிழில் ஒரு தாள் ஒட்டுங்கள்: எந்த நிறம், நிலையாக எரிகிறதா, விட்டுவிட்டா, யாருக்கு போன் செய்யணும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாதவர்களும் இருக்கிறார்கள். விளக்கு எந்த இடத்தில் என்று படமும் போட்டுவிடுங்கள்.