பின்னி முடித்த பின்பு



பலிபீடத் துகிலுக்குக் குரோஷா ஓரம் பின்னும் தாய்மார் உண்டு. மாதக்கணக்கில் உழைத்ததை விரித்துப் பார்த்தால், அது சுருண்டு கோணலாய்க் கிடக்கும். ‘என் கை சரியில்லை’ என்று தம்மையே நொந்துகொள்வர். குறை கையில் அன்று. கடைசி வேலை மீதமிருக்கிறது.

1897-இல் பெல்ஜியத்திலிருந்து குமரி மாவட்டத்து முளகுமூட்டுக்கு வந்த அன்னை மேரி லூயிஸ் தெ மேஸ்தரின் கன்னியர், ஏழைப் பெண்கள் பிழைக்க லேஸ் வேலையைக் கற்பித்தனர். அவ்வேலையில் பின்னுதல் பாதி, வடிவப்படுத்துதல் மறுபாதி.

பருத்தி நூல் பின்னலை வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்து, முறுக்காமல், துண்டில் சுருட்டி அழுத்துக. துணி விரித்த பலகையில் அளவு பார்த்து முதலில் மூலைகளையும், பின்பு நடுப்பகுதியையும், இறுதியில் ஒவ்வொரு வளைவையும் குண்டூசியால் நிறுத்துக. மெல்லிய கஞ்சி தடவலாம். கோவளம் முதல் மாமல்லபுரம் வரை வீசும் உப்புக்காற்றில் இரும்பு ஊசி துருவேறிக் கறைபடுத்தும். துருப்பிடிக்காத ஊசியே ஏற்றது. ஐப்பசி, கார்த்திகை மழைநாளில் உலரத் தாமதமாகும். ஈரத்தில் ஊசியை எடுத்தால் மீண்டும் சுருங்கும். செயற்கை நூலாயின், சூடான இஸ்திரிப் பெட்டியை மேலே வைக்கலாகாது, உருகிவிடும்.

ஒன்று கவனிக்க: ஊசிகள் குறைந்தால் இழுப்பெல்லாம் ஓரிடத்தில் விழுந்து, அவ்விடம் மட்டும் கூராய் நீளும், பல ஊசிகள் பங்கிட்டால் ஓரம் நேராகும். நம் இல்லங்களில் பாரமெல்லாம் தாய் ஒருத்தியின் மீதே விழுகிறதா? பங்கிடுவோம், குடும்பம் தன் வடிவம் பெறும்.