காதல் தோல்வியாம்!

நம் நாட்டு வாலிபர்களுக்குள் "காதலில் தோல்வியுற்றவர்கள்" என்பதாக ஒரு தனி ஜாதி ஏற்பட்டிருக்கின்றது. மற்ற ஜாதிகளுக்குப் பூணூல், நாமம், விபூதி முதலிய அடையாளங்கள் இருப்பதுபோல், இந்த ஜாதிக்குத் தாடியும், சாராயப் புட்டியும், சோகப் பாட்டும் அடையாளங்களாகும். இந்த ஜாதியாரைக் கண்டால் ஊரார் "ஐயோ பாவம்" என்று இரக்கப்பட வேண்டும்; தாயார் சோறு பிசைந்து ஊட்ட வேண்டும்; சிநேகிதர்கள் கடன் வாங்கியாவது குடிக்க வாங்கிக் கொடுக்க வேண்டும். ஆனால் "வேண்டாம்" என்று சொன்ன பெண்ணைப்பற்றி மாத்திரம் யாரும் ஒரு நல்ல வார்த்தை சொல்லக்கூடாது. இதுதான் இந்த ஜாதியின் தர்மம்!

முதலாவது, "தோல்வி" என்கின்ற வார்த்தையையே எடுத்துக்கொள்ளுவோம். தோல்வி என்றால் அதற்கு முன் ஒரு சண்டையோ, பந்தயமோ நடந்திருக்க வேண்டும். சண்டையென்றால் பெண் எதிரியா? பந்தயமென்றால் பெண் பந்தயப் பொருளா? ஒருவர் வீட்டுக்கு விருந்துக்கு வரட்டுமா என்று நாம் கேட்கின்றோம், அவர் வேண்டாம் என்கின்றார், நாம் திரும்பிவிடுகின்றோம். இதற்கு யாராவது "விருந்துத் தோல்வி" என்று பெயர் வைத்துத் தாடி வளர்ப்பதுண்டா? கேட்கிறவனுக்குக் கேட்க உரிமை உண்டென்றால், கேட்கப்பட்டவளுக்கு மாட்டேனென்று சொல்ல உரிமை உண்டு. அந்த உரிமையை அவள் உபயோகித்ததில் நமக்கு வருத்தம் இருக்கலாம். அவமானம் எங்கிருந்து வந்தது என்று கேட்கின்றோம்.

இஃதொருபுறமிருக்க, வேண்டாமென்று தள்ளப்படுவது ஆண்களுக்கு மாத்திரம் ஏற்பட்ட கஷ்டமா? பெண் பார்க்கும் சடங்கைச் சற்று யோசித்துப் பாருங்கள். பத்துப் பேர் வண்டி கட்டிக்கொண்டு வருகின்றார்கள். சொஜ்ஜியும் பஜ்ஜியும் தின்று, காப்பி குடித்து, பெண்ணை நடக்கச் சொல்லி, பாடச் சொல்லி, "ஊருக்குப் போய்த் தகவல் சொல்லுகிறோம்" என்று எழுந்து போகின்றார்கள். தகவல் வருவதில்லை. வந்தால், நிறம் போதாது, நகை போதாது, செவ்வாய் தோஷம், மூல நட்சத்திரம் என்பதாக ஏதாவதொன்று வரும். ஒரு பெண்ணுக்கு இப்படி ஏழெட்டுத் தடவை நடப்பதுண்டு. அவளுக்குத் தாடி முளைக்காதது இயற்கை என்றே வைத்துக்கொள்வோம். பஜ்ஜி தின்றவன் வீட்டு வாசலில் போய் அவள் நின்றாளா? அவன் முகத்தில் திராவகம் வீசினாளா? அன்றிரவு கண்ணீர் விட்டிருப்பாள். மறுநாள் அடுப்பங்கரையில், வந்தவன் மீசையை முறுக்கிய விதத்தையும், அவன் தாயார் பேசிய பேச்சையும் தங்கைமாருக்கு நடித்துக் காட்டிச் சிரித்திருப்பாள். அந்தச் சிரிப்பே அவளை மனுஷியாக நிற்க வைத்தது. இந்தப் பாடத்தை ஆண்பிள்ளைகள் அவளிடம் உட்கார்ந்து கேட்க வேண்டும்.

ஆனால் ஆண்பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வாத்தியார் வேறொருவர். அவர் பெயர் தேவதாஸ். 1917-ல் வங்காளத்தில் சரத் சந்திரரின் கதையாக வெளியாகி, 1953-ல் நாகேசுவரராவ் நடித்துத் தமிழிலும் ஓடி, இன்றைக்கும் குடித்துவிட்டுப் புலம்புகிறவனுக்கெல்லாம் பட்டப்பெயராக இருக்கின்றவர். அந்தக் கதையை அழாமல் படித்துப் பார்த்தால் உண்மை விளங்கும். துணிந்து, இரவில் அவன் அறைக்கு வந்து கேட்டவள் பார்வதி. பெற்றோருக்குப் பயந்து கல்கத்தாவுக்கு ஓடிப்போய், உன்மேல் எனக்கு அப்படிப்பட்ட ஆசை இருந்ததில்லை என்று கடிதம் எழுதினவன் தேவதாஸ். அப்படியானால் நிராகரிக்கப்பட்டது யார்? பார்வதி! பட்டம் கிடைத்தது யாருக்கு? தேவதாசுக்கு! பிறகு அவன் மனம் மாறித் திரும்பி வந்தபோது அவள் மாட்டேனென்றாள். உடனே அந்தக் காதல் வள்ளல் என்ன செய்தான்? தூண்டிற்கோலால் அவள் நெற்றியில் அடித்துத் தழும்பு உண்டாக்கினான். இதற்குத்தான் ஜனங்கள் மூன்று தலைமுறையாகக் கைக்குட்டை நனைத்திருக்கின்றார்கள்.

புராணத்திலும் நியாயம் இவ்வளவுதான். சூர்ப்பனகை தன் ஆசையை வாய்விட்டுச் சொன்னாள். அண்ணன் தம்பியிடம் போகச் சொன்னான். தம்பி அண்ணனிடம் போகச் சொன்னான். இருவரும் பரிகாசம் செய்தார்கள். ஆத்திரப்பட்டுச் சீதைமேல் பாய்ந்தாள். மூக்கும் காதும் போயின. அவள் பாய்ந்தது தப்பே. ஆனால் ஆசைப்பட்டு ஏமாந்த ஆணுக்குத் தாடியும் பாட்டும், ஆசைப்பட்டு ஏமாந்த பெண்ணுக்குப் பரிகாசமும் கத்தியும் என்பது என்ன நீதி?

வடநாட்டுக் கதைகளை மாத்திரம் சொல்லுகிறாயே என்று நமது தமிழ்ப் பண்டிதர்கள் கோபிக்க வேண்டாம். நமது சங்க நூல்களில் மடலேறுதல் என்று ஒன்று இருக்கின்றது. பெண் கிடைக்காத ஆண், பனை மடலில் குதிரை செய்து, எருக்கம்பூ மாலை சூடி, அதன்மேல் ஏறி, ஊர் நடுவே வருவது. அதைக் கண்டு ஊரார் பழி பேசுவார்கள். அதற்கு அஞ்சிப் பெண் வீட்டார் இணங்குவார்கள். இதைக் காதலின் உச்சி என்று வியாக்கியானம் செய்கின்றார்கள். நமக்கோ இது பெண் வீட்டாரை மிரட்டும் வழியாகவே தோன்றுகின்றது. பெண் மடலேறக்கூடாதென்று தொல்காப்பியம் விதித்திருப்பதால், குதிரையிலும் ஆணுக்கே உரிமை! பனங்கருக்கின்மேல் உட்கார்ந்துவரும் ஒருவனைப் பார்த்து அன்றே ஊரார் வயிறு குலுங்கச் சிரித்து வீட்டுக்கு அனுப்பியிருந்தால், "நீ சம்மதிக்காவிட்டால் செத்துப்போவேன்" என்கிற இன்றைய குதிரைகள் குறைந்திருக்கும்.

இவற்றையெல்லாம் வேடிக்கைக்காக எழுதவில்லை. 2012 நவம்பரில் காரைக்காலில், மறுத்த குற்றத்துக்காக ஓர் இளம் பெண்ணின் முகத்தில் திராவகம் வீசப்பட்டது. கண் பார்வை போய், 2013 பிப்ரவரியில் அவர் இறந்தார். 2022 அக்டோபரில் சென்னை பரங்கிமலை ரயில் நிலையத்தில் ஒரு கல்லூரி மாணவி ஓடிவந்த ரயிலின் முன் தள்ளிக் கொல்லப்பட்டார். தள்ளினவனுக்கு 2024 டிசம்பரில் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. திராவகம் வீசிக் காயப்படுத்தினால் பத்து வருஷத்துக்குக் குறையாத தண்டனை என்று 2013-ல் தனிச் சட்டப்பிரிவே செய்ய வேண்டி வந்தது. சட்டம் வேண்டியதுதான். ஆனால் சட்டம் வந்து சேருவது முகம் வெந்த பிறகு. அதற்கு முன்பே மூளைக்குள் போக வேண்டியது எது என்பதே நமது கேள்வி.

காதல் தெய்வீகமானது, இன்னாருக்கு இன்னார் என்று பிறப்பிலேயே முடிச்சுப் போட்டாய்விட்டது என்று ஒருவன் நம்பினால், மாட்டேனென்கிற பெண் அவன் கண்ணுக்குத் தெய்வக் கட்டளையை மீறின குற்றவாளியாகத்தான் தெரிவாள். காதல் என்பது மனிதனுக்குள்ள ஆசை, அன்பு, சிநேகம் போன்றதே என்று பெரியார் "பெண் ஏன் அடிமையானாள்?" என்ற புத்தகத்தில் எடுத்துக் காட்டியதன் அவசியம் இங்கேதான் விளங்குகின்றது. தெய்வீகத்தைப் பார்த்து யாரும் சிரிக்க முடியாது. ஆசையைப் பார்த்துச் சிரிக்கலாம்.

நிற்க. ஊருக்கு உபதேசம் செய்கிற என் கதையையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்போது இருபத்தைந்து வயதிருக்கும். பக்கத்து ஊர்க் கூட்டத்தில் பெண்ணுரிமையைப்பற்றி ஒன்றரை மணி நேரம் பேசினேன். "சம்மதமில்லை என்று சொல்லும் உரிமையே பெண்ணுக்கு முதல் உரிமை" என்று மேஜையைக் குத்தினேன். கைதட்டினவர்களில் ஒரு பள்ளிக்கூட ஆசிரியையும் இருந்தார். ஆறு மாதம் பழகின பிறகு அவரிடம் என் விருப்பத்தைச் சொன்னேன். அவர், "தோழர், உங்களிடத்தில் எனக்கு மரியாதை உண்டு, அந்த எண்ணம் இல்லை. வேறொருவராயிருந்தால் ஏதாவது சாக்குச் சொல்லியிருப்பேன். அந்தக் கூட்டத்தில் நீங்கள் பேசியதைக் கேட்டதால்தான் தைரியமாக நேரிலேயே சொல்லுகிறேன்" என்றார்.

மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஒருவேளை ஜாதி பார்த்திருப்பாரோ என்று, ஆதாரம் ஒன்றுமில்லாமல், அவர்மேல் குற்றம் தேடினேன். இன்னும் வெட்கக்கேடு ஒன்றுண்டு. பகுத்தறிவுப் பிரசாரகனாகிய நான் இரண்டாம் நாள் இரவு பத்திரிகையில் ராசிபலனைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். "நினைத்த காரியம் கைகூடும்" என்று போட்டிருந்தது!

நான்காம் நாள், சைக்கிள் கடை வைத்திருந்த தோழர் ஒருவரிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர் கையிலிருந்ததைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார். "தோழரே, இத்தனை வருஷமாக நீர் பேசியதைக் கேட்டு, அப்படியே நடந்தவர் அந்த அம்மா ஒருவர்தான்! உம்முடைய பிரசாரம் பலித்துவிட்டதென்று மாலை போட வேண்டியிருக்க, மூஞ்சியைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீரே!" என்றார். முதலில் எனக்குக் கோபம் வந்தது. பிறகு, மேஜையைக் குத்தின என் கையையும், ராசிபலனைப் புரட்டின அதே கையையும் நினைத்தேன். சிரிப்பு வந்துவிட்டது. அன்று மத்தியானம் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன். வருத்தம் மறுநாளே போய்விடவில்லை; சில மாதம் இருந்தது. ஆனால் அது என் வருத்தமாக மாத்திரம் இருந்தது; அவருக்குத் தொந்தரவாகப் போகவில்லை. அந்த ஆசிரியை பிறகும் கூட்டங்களுக்கு வந்தார், முன்வரிசையிலேயே உட்கார்ந்தார்.

ஆகவே வாலிபத் தோழர்களே! மனம் வலித்தால் அழுங்கள். அழுகை ஆணுக்குக் கேவலமல்ல. அழுது முடிந்ததும் சிரியுங்கள். ஆனால் யாரைப் பார்த்துச் சிரிப்பது என்பதில் ஜாக்கிரதையாயிருங்கள். மறுத்தவளைப் பார்த்துச் சிரிப்பது போக்கிரித்தனம். ஏமாந்த சிநேகிதனைக் கூட்டம் கூடிப் பரிகசித்து, ரோஷத்தைக் கிளப்பிவிடுவது அதைவிட ஆபத்து. அவன் பக்கத்தில் உட்கார்ந்து, அவனே தன்னைப் பார்த்துச் சிரிக்கும்வரை பேச்சுக் கொடுங்கள். தன்னைப் பார்த்துத் தானே சிரிக்கத் தெரிந்தவன் கையில் திராவகப் புட்டி நிற்காது.

பெண் சொல்லும் "மாட்டேன்" என்பதைக் கேட்டுவிட்டு, "சரி, அம்மா" என்று சொல்லி, வீட்டுக்குத் திரும்பி வந்து வயிறாரச் சாப்பிடுகின்றவனே சுயமரியாதைக்காரன். மற்றவர்கள் பனங்குதிரை ஏறட்டும். நாம் வழியில் நின்று வேடிக்கை பார்ப்போம். அந்தக் குதிரை ஒரு பெண் வீட்டு வாசலை நெருங்குமானால், இறக்கிவிடுவோம்.