ஓலையில் இருக்கும் ஊர்கள்

1683இல் பென்சில்வேனியாவில் குடியேறத் தொடங்கிய மென்னோனைட் குடும்பங்களின் வாரிசுகள், முப்பாட்டன் இருந்த வீட்டைப் பழைய மக்கள்தொகைக் கணக்கில் தேடிப்பிடிக்கிறார்கள். அமெரிக்காவில் 72 ஆண்டு கடந்த கணக்கேடுகளை யாரும் பார்க்கலாம். இந்தியாவில் 1948ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு அவற்றைப் பூட்டியே வைத்திருக்கிறது. எத்தனை தலைமுறை போனாலும் திறக்காது. இப்படிப் பூட்டி வைப்பது தவறு.

செங்கல்பட்டுக்காரர்களுக்கு மட்டும் வேறொரு கதவு உண்டு. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் செங்கல்பட்டு ஜாகிர் என்ற நிலப்பகுதியில் சுமார் 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தார். எத்தனை வீடு, என்ன தொழில், எந்த ஏரி, யாருக்கு மானியம் என ஊர்க் கணக்கர்கள் தமிழில் எழுதிய ஓலைகள் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கின்றன. மாமல்லபுரத்துக்குத் தெற்கே சதுரங்கப்பட்டினக் கோட்டையில் டச்சுக்காரர்களின் பெயர்கள் கல்லறைகளில் நிற்கின்றன. அதே கரையில் தறி நெய்தவருக்கும் வலை வீசியவருக்கும் கல்வெட்டு ஏது? அவர்கள் வாழ்ந்த தெருவுக்குச் சாட்சி இந்த ஓலைகள்தாம். ஊர்வாரியாகப் படமெடுத்து அவற்றை இணையத்தில் வையுங்கள். கடைசி ஏடு உதிரும் வரை காத்திருக்க வேண்டாம்.